சம்பந்தி போட்ட இலை

என் மகள் விரும்பிய பையனின் பெற்றோர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் என்று தெரிந்தபோது, வேறு அம்மாவாக இருந்தால் என்ன புடவை கட்டுவது என்று யோசித்திருப்பாள். அன்று எதைச் சாப்பிட்டால் அவர்கள் முன்னால் எழுந்து ஓடாமல் இருக்கலாம் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

எனக்குக் குடலில் ஒரு கோளாறு. ஆங்கிலத்தில் ஐபிஎஸ் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்ன அன்று என் கணவர், நம் குடும்பத்திலும் ஒரு போலீஸ் அதிகாரி வந்தாச்சு என்று சிரித்தார். என்னைத் தேற்றத்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு உப்பும், முறுக்கும், பிறகு ஒரு கணமும் பொறுக்காது. உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். ஆபத்தான வியாதியாக இருந்தால் வெளியே சொல்லியிருப்பேனோ என்னவோ. சர்க்கரை, ரத்தக்கொதிப்பையெல்லாம் கல்யாண வீட்டில்கூட உரக்கப் பேசுகிறோம். இதை எந்த வாயால் சொல்வது?

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொன்ன சீனப் பெண் மிகவும் பொறுமைசாலி. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால், காலிஃப்ளவர், பலாப்பழம் எல்லாவற்றையும் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இவற்றை எடுத்துவிட்டால் தமிழர் சமையலில் என்ன மிச்சம் இருக்கும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பல நாள் வெறும் சோறும் உப்பும்தான். பிறகு மெல்லக் கற்றுக்கொண்டேன். பூண்டை எண்ணெயில் சிவக்க வறுத்துப் பல்லை எடுத்துப் போட்டுவிட்டால் வாசனை எண்ணெயில் நிற்கும், வயிறும் ஒன்றும் சொல்லாது. பருப்பில்லாமல் தக்காளியும் மிளகும் வைத்தே நல்ல ரசம் வரும். கத்திரிக்காய், கேரட், கீரை மூன்றும் என்னைக் காப்பாற்றின. சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போகும்போதே அடுத்த வாரம் முழுவதற்குமான சமையலை மனதில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். எந்த நாள் அலுவலகத்தில் கூட்டம், எந்த நாள் நெடுநேரம் ரயிலில் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் குழம்பு முடிவாகும். கணவருக்கும் மகளுக்கும் வழக்கமான சமையல். எனக்கு மட்டும் பின் அடுப்பில் ஒரு சின்னச் சட்டி. யாராவது வந்தால் அதை மூடி வைத்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாருக்காக ஆட்டிறைச்சிப் பிரட்டலும் மீன் குழம்பும் செய்திருந்தேன். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, என் மிளகு ரசத்தோடும் கேரட் பொரியலோடும் கடைசியாக உட்கார்ந்தேன். பையனின் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், கண்ணில் எதுவும் தப்பாது.

"நீங்க கறி எடுத்துக்கலையா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "அவங்க வெங்காயம் பூண்டு சேர்க்கறதில்ல" என்றார். பொய் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கெல்லாம் கறி ஆக்கிப் போட்டுவிட்டு நீங்கள் இவ்வளவு சுத்தமாக இருக்கிறீர்களே, என்னால் வெள்ளிக்கிழமை ஒரு நாள்கூட இருக்க முடியவில்லையே என்றார். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று அவர் கேட்டதற்கும் பதில் சொன்னேன். கோயிலுக்குப் போவது உண்மைதான். அங்கே கழிப்பறை எந்தப் பக்கம் என்பதை முதலில் பார்த்துக்கொண்டுதான் சாமியைப் பார்ப்பேன் என்பதைச் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு மகள், "சும்மா சொல்லியிருக்கலாம்லா, இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"மொத நாளே உன் மாமியார்கிட்ட கக்கூஸ் கதை பேசச் சொல்றியா?" என்றேன்.

சில வாரங்கள் கழித்து ஜூரோங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு எங்களை அழைத்தார்கள். உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார். அடுப்பு மேடையில் பளபளவென்று புதுப் பாத்திரங்கள்.

"ஒங்களுக்குன்னே தேக்காவுல போய் வாங்கினேன். இதுல கறி மீன் எதுவும் பட்டதே இல்ல" என்றார்.

அன்று அந்த வீட்டில் எல்லாருக்கும் சைவம். அவருடைய கணவர் காலையிலிருந்து ஒரு முட்டைகூடக் கண்ணில் படவில்லை என்று சிரித்துக்கொண்டே குறைபட்டார். சாப்பாட்டு மேசையில் வாழையிலை போட்டிருந்தார்கள். பருப்பும் நெய்யும், முள்ளங்கிச் சாம்பார், காலிஃப்ளவர் வறுவல், மோர்க்குழம்பு, பால் பாயசம், ஓரத்தில் பலாச்சுளை. ஒரு துணுக்கு வெங்காயம் கிடையாது. நான் நம்பிச் சாப்பிடக்கூடியது அந்த இலையில் சோறு மட்டும்தான்.

அந்த அம்மா உட்காராமல் நின்றுகொண்டு, நான் முதல் வாய் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தேன். நன்றாக இருந்தது. இத்தனை நாளாக நான் தொடாத பருப்பும் நெய்யும் நாக்குக்கு அவ்வளவு சுகமாக இருந்தன. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் இன்னும் ஒரு கரண்டி போட்டார், நான் தடுக்கவில்லை. மேசைக்கு அடியில் மகளின் கால் என் காலைத் தொட்டது. போதும்மா என்று மெதுவாகச் சொன்னாள். நான் பாயசத்தையும் குடித்தேன்.

இலையை மடிப்பதற்கு முன்பே வயிறு முறுக்க ஆரம்பித்துவிட்டது. இங்கே அடுக்குமாடி வீடுகளில் சமையலறையை ஒட்டித்தான் கழிப்பறை இருக்கும். அந்த மெல்லிய கதவை அடைத்துக்கொண்டு குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். அப்படியும் வெளியே தட்டுகள் கழுவும் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கிறது என்றால் அவர்களுக்கும் கேட்கும். கூடத்தில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். என் கணவராகத்தான் இருக்கும். கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா சம்பந்தி என்று அந்த அம்மா கேட்டார். இதோ வருகிறேன் என்றேன். மறுபடியும் தட்டியபோதும் அதையேதான் சொன்னேன். அந்த வீட்டுக்குப் பின்வாசல் இருந்திருந்தால் அப்படியே போயிருப்பேன்.

வெளியே வந்தபோது சமையலறையில் அவர் மட்டும் இருந்தார். மோர்க்குழம்புப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயிரு கெட்டுப் போயிருக்குமோ? காலையிலதான் வாங்கினேன்" என்றார். தன் சமையலால்தான் எனக்கு இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். நேற்று வெளியே ஏதோ சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கழுவு தொட்டியில் கொட்டப் போகிறவர்போல் அவர் நின்ற விதம் என்னை விடவில்லை.

"தயிர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் குடல்ல வியாதி. வெங்காயம் பூண்டை நான் சாமிக்காக விடல. சாப்பிட்டா வயித்தால போகுது."

அவர் பாத்திரத்தை மூடினார். பருப்பும் ஆகாதா என்று கேட்டார். ஆகாது என்றேன். காலிஃப்ளவர்? தலையசைத்தேன். பாயசம்? பாலும்தான் என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே. ஒங்களப் பத்தி எங்கக்காகிட்ட, தங்கச்சிங்ககிட்ட எல்லாம் எவ்ளோ பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியிலும் வயிறு அடங்கவில்லை. நடுவில் ஒரு ரயில் நிலையத்தில் இறங்க வேண்டியதாயிற்று. நல்ல உடை உடுத்திய என் கணவரும் மகளும், சம்பந்தி கொடுத்தனுப்பிய பழப் பையோடு நடைமேடையில் எனக்காகக் காத்திருந்தார்கள். இந்தக் கல்யாணப் பேச்சு இதோடு நின்றுவிடுமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மகளிடம் கேட்டால், இதுக்கெல்லாமா நிக்கும் என்று எரிந்து விழுந்தாள்.

அடுத்த சனிக்கிழமை தேக்காவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். கத்திரிக்காய் ஆகுமா என்பதுதான் முதல் கேள்வி. ஆகும் என்றேன். ரசத்தை எப்படி வைப்பேன், எண்ணெயில் பூண்டு வறுத்து எடுத்துவிட்டால் உண்மையிலேயே ஒன்றும் செய்யாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, தினமும் அப்படித்தான் போகுமா, வலிக்குமா என்றார். மருத்துவரைத் தவிர யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் ஒரு தூண் பக்கம் ஒதுங்கி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"எங்கக்காகிட்ட இன்னும் மாத்திச் சொல்லல. நீங்க பக்தியில இருக்கறதாவே இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த அக்காவும் என்னை உட்கார வைத்து ஓர் இலை போடுவார், நானும் சாப்பிடுவேன். அதை நினைத்துப் பார்த்தேன்.

"சொல்லிடுங்க சம்பந்தி" என்றேன். அதன் பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதைக் கற்பனை செய்தபடியே பல நாள் கிடந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முன்தினம் முழுவதும் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டிருந்ததால் மணவறையில் என்னால் நிற்க முடிந்தது. பந்தியில் அந்த அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் என் இலைக்கு வடையோடு குனிந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அவங்களுக்கு வயிறு சரியில்ல. வடை ஆகாது. எனக்கு ரெண்டா வைப்பா" என்றார். குரலைத் தாழ்த்தத் தெரியாத மனுஷி. எதிர் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

என் முகம் சுட்டது. ஆமாம் அக்கா, ஒத்துக்காது என்று சொல்லிவிட்டு, குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தேன்.