எந்த ஊர் அறை?

வசந்தா டீச்சர் காலமான செய்தி போன வாரம் ஒரு காலையில் கைப்பேசிக்கு வந்தது. பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அதே வரிகள், அதே எழுத்துப்பிழையோடு. "நாலு பேரு சொன்னா நாலு சாட்சி ஆயிருமாங் சார்? ஒருத்தரு சொன்னத நாலு பேரு திருப்பிச் சொல்றாங்க" என்று அவர் குரல் காதில் கேட்டது. பொய்யாக இருக்கட்டும் என்ற ஆசையோடு அவர் மகளை அழைத்தேன். "ஆமாங் சார், அம்மா போயிட்டாங்க" என்றார்.

எங்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு அவர் நுண்ணுயிரியல் நடத்தினார், நான் தாவரவியல். ஓய்வுக்குப் பிறகும் சிங்காநல்லூரில் ஒரே தெருவில் குடியிருந்தோம். அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பது சட்னிக் கதை.

எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கும் செல்விக்கு ஒரு மில் விடுதியிலிருந்து ஆர்டர் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு மதியம் இட்லியும் தேங்காய்ச் சட்னியும். சட்னியை விடியற்காலையிலேயே அரைத்துவிட்டால்தான் அவருக்கு வேலை ஓடும். அதுவரை தாங்குமா என்று இணையத்தில் தேடியிருந்தார். "பாருங் டீச்சர், எல்லா எடத்துலயும் தாங்கும்னுதான் போட்டிருக்குது" என்று கைப்பேசியை நீட்டினார். அறை வெப்பநிலையில் இத்தனை மணி நேரம் கெடாது என்று எல்லாத் தளங்களும் ஒரே குரலில் சொல்லின. எனக்கும் சரியென்றே பட்டது.

டீச்சர் விடவில்லை. இந்தத் தளம் எதைப் பார்த்து எழுதியது, அது எதைப் பார்த்து எழுதியது என்று நூல் பிடித்துப் போனார். கடைசியில் எல்லாம் ஒரே ஆய்வுக் கட்டுரையில் போய் நின்றன. கட்டுரையில் குற்றமில்லை. எந்த பாக்டீரியா, எந்த உணவு, எவ்வளவு ஈரம், எத்தனை டிகிரி என்று ஒழுங்காக எழுதியிருந்தார்கள். ஆனால் ஆய்வு நடந்தது ஒரு குளிர்நாட்டில். அவர்களுடைய அறை நம் ஊர் மார்கழி விடியலைப் போன்றது. நகலெடுத்தவர்கள் டிகிரியை விட்டுவிட்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"எந்த ஊரு அறைங்க அது?" என்று கேட்டபடியே செல்வியின் தகரக் கொட்டகையில் ஒரு வெப்பமானியை மாட்டினார். அப்போது சித்திரை மாதம். பாதரசம் நாற்பதை நெருங்கியது.

"பாத்தியா கண்ணு? அவங்க ஊர்ல சோம்பிக் கெடக்கற கிருமி, இங்க குடும்பம் குட்டியோட பெருகிப்போடும்."

செல்வியின் கண் கலங்கிவிட்டது. "சட்னி இல்லாம குடுத்தா அந்தப் புள்ளைங்க என்னைய வைய மாட்டாங்களா? ஆர்டரு போயிருமுங்க."

"வையட்டும். வயித்தப் புடிச்சுட்டுப் படுக்கறதுக்கு அது தேவல. ஈரம் இல்லாத எடத்துல கிருமிக்குப் பொழப்பு இல்ல. கொள்ளுப் பொடி அரை."

விடுதிக் காப்பாளரிடம் செல்வியோடு அவரே போய்ப் பேசினார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அந்தப் பெண்கள் ஊருக்குப் போகும்போது பொடியைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போகிறார்களாம்.

துக்க வீட்டுக்கு மதியச் சாப்பாட்டைச் செல்விதான் கொண்டுவந்தார். இட்லி, கொள்ளுப் பொடி, நல்லெண்ணெய். பெருந்துறையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "ஏனுங் அம்மணி, சட்னி இல்லீங்களா?" என்றார்.

"காலைல அரைச்சது மத்தியானத்துக்கு வேண்டாமுங்க. டீச்சர் ஊட்டுலயே அதக் கொண்டாந்து வச்சா, அவங்க எந்திரிச்சு வந்துருவாங்க."

அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டார்.

வெப்பமானி செல்வியிடம் இருக்கிறது, தினமும் பார்க்கிறார். என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி. இப்போதெல்லாம் எதைப் படித்தாலும், "எந்த ஊரு அறைங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.