கிடாயின் வாயில் ஒரு பச்சைக் கொப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றையும் அரைவயிற்றோடு படுக்க விட்டதில்லை.

டேனிஷ்காரர் நாட்டில், ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊருக்கு வெளியே எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊராருக்குப் பொதுவான காடு இருக்கிறது. அதில் காட்டுச் செம்மறிகள் நிற்கின்றன. மலைச் சாதி, மலையே இல்லாத இந்த நாட்டுக்கு யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டவை. வருடத்துக்கு ஒரு கிழட்டுக் கிடாயைச் சுட வெளியூர் வேட்டைக்காரர் ஒருவருக்கு அனுமதி கொடுப்பார்கள். அவர் கட்டும் காசில்தான் மற்ற ஆடுகளுக்கு வேலியும் பனி கொட்டும் மாரிகாலத்து வைக்கோலும். ஒரு வீடு மறித்தாலும் வேட்டை இல்லை என்பது ஒழுங்கு.

எங்கள் வீடு என் பெயரில். காசுக்கு ஒரு உயிரைச் சுட ஊர்க் கூட்டத்தில் நான் கை தூக்கவில்லை.

"அம்மா, தூக்குங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்றான் மகன்.

"பாக்கட்டும். நான் என்ன களவெடுத்தனானே?"

தலைவர் கோபிக்கவில்லை. அந்தக் கிடாய்க்குப் பல்லெல்லாம் போய்விட்டது, இந்த மாரியைத் தாண்டாது என்றார். வேலி விழுந்தால் குட்டிகள் தெருவுக்குப் போய்விடும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

"இந்த ஒருமுறைக்கு ஓம். ஆனா நானும் வந்து நிப்பன். வாற வருசம் பாப்பம்" என்றேன்.

ஒரே வெடி. கிடாய் இரண்டு எட்டு வைத்துச் சரிந்தது. வேட்டைக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பச்சைக் கொப்பை முறித்து, குனிந்து, அதன் வாயில் வைத்தார்.

"என்னடா செய்யிறார்?"

"கடைசி வாய்ச் சாப்பாடாம், அம்மா. இவையின்ர வழக்கம்."

என் மனுசனுக்கு இங்கேதான் வாய்க்கரிசி போட்டேன். அந்தக் குளிர்ந்த உதடு இன்னும் என் விரலில் இருக்கிறது.

"எங்களிட்டையும் உது இருக்கெண்டு அவருக்குச் சொல்லு."

மகன் டேனிஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இறைச்சியில் பங்கு அனுப்பினார்கள். நான் தொடவில்லை. மருமகள் கறி வைத்தாள், வீடு முழுக்க மணந்தது.

அடுத்த வருடக் கூட்டத்தில் முதல் கை என்னுடையது. மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி.

"பிள்ளை, அப்பம்மா மனம் மாறினவ எண்டு எங்கையும் எழுதிப் போட்டியோ? முதல்ல இருந்து ஒருக்கா வாசி, கேப்பம்."