விலகாத படகுகள்

ஒஸ்லோவுக்கு வெளியே ஓர் ஏரியில், மருமகனின் சிநேகிதர் குமாரின் படகில் இருக்கிறேன். எதிர்க்கரையில் காடு எரிகிறது. நெருப்புக்குக் கிட்டவே மரவீடுகள் தெரிகின்றன.

தலைக்கு மேல் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டதும் படகுக்குள் குப்புறப் படுத்துவிடுகிறேன். குமார் சிரிக்கிறார்.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. முந்தி இந்த நாட்டு ஆமியின்ரை ஹெலிதான். இப்ப நெருப்பணைக்க மாத்தியிருக்கினம். தண்ணி அள்ள வந்திருக்கு."

எழுந்து பார்க்கிறேன். ஹெலியின் கீழே பெரிய வாளி தொங்குகிறது. அதை இறக்கத்தான் இடமில்லை. ஏரி முழுக்க வேடிக்கையும் விடுப்பும் பார்க்க வந்த படகுகள். விமானி கையை வீசி வீசி விலகச் சொல்கிறார். ஒருவரும் அசையவில்லை. குமாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். வெறும் வாளியோடு ஹெலி மறுபடியும் வட்டமடிக்கிறது.

அதிர்ந்து கதைக்காத நான் குமாரிடம் சத்தம் போடுகிறேன்.

"தம்பி, சண்டைக்காலத்திலை எங்களைச் சுட வந்த ஹெலிக்கு ஊரே விலகி ஓடினது. காப்பாத்த வந்தவனுக்கு விலகேலாதோ? அது உம்மடை வீடெண்டா உப்பிடிப் படம் பிடிப்பீரோ?"

அவர் கமராவை வைத்துவிட்டுத் துடுப்பை எடுக்கிறார். பக்கத்துப் படகு அப்படியே நிற்கிறது. அதில் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் எழுந்து நின்று தமிழிலேயே கத்துகிறேன்.

"விலகுங்கோ!"