தங்கபுஷ்பம் போட்ட கொக்கி

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் தங்கபுஷ்பத்தின் மகள் செல்வி போன் செய்தாள். "டீச்சர், அம்மா போயிருச்சு" என்றாள். பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் பகலில் இப்படி ஒரு சேதி வந்தால் வாய் தானாக ஒன்றைத்தான் கேட்கும். நானும் அதைத்தான் கேட்டேன். "எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல டீச்சர். வீட்லதான். காலைல காப்பி குடிச்சிட்டு, செத்த நேரம் படுக்கேன்னு சொல்லுச்சு. பெறகு எந்திரிக்கல."

அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைத்தே காலம் கழித்த பெண், தன் வீட்டில் தன் பாயில் தூக்கத்தில் போயிருக்கிறார். சாவுச் சேதி கேட்டு நிம்மதிப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இதைப் படிப்பவர்களில் தங்கபுஷ்பத்தை அறிந்தவர்களே, நீங்களும் அதே பெருமூச்சை விட்டீர்கள். பந்தலில் உங்கள் முகங்களைப் பார்த்தேன்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாக வந்த புதிதில், பிள்ளைகளுக்குக் கழிப்பறை என்று பெயருக்கு ஒரு சுவர் இருந்தது. அதற்குப் பின்னால் சீமைக்கருவை முள்புதர். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வயதுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியாகப் பள்ளியைவிட்டு நின்றுவிடுவாள். வீட்டில் பட்டாசுப் பெட்டி ஒட்டும் வேலை எப்போதும் தயாராக இருந்தது. அந்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக வந்தவர் தங்கபுஷ்பம். அவர் மகள் செல்வி அப்போது ஏழாம் வகுப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நேரே பள்ளிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"டீச்சர், நீங்க எங்கன போறீக?" என்று கேட்டார்.

பூட்டிக் கிடந்த ஆசிரியர் கழிப்பறையைக் காட்டினேன். சாவி என் மேசையில் இருந்தது.

"அப்ப உங்களுக்கு இது தெரிய நியாயமில்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் கோபம் ஆறவில்லை.

அலைந்து திரிந்து அனுமதி வாங்கினோம். பெண் பிள்ளைகளுக்கு நாலு அறை. பின்னால் இரண்டு குழி. ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும், மூடியது ஆண்டுக்கணக்கில் மக்கி மண்ணாகிவிடும். தீபாவளி சீசன் நேரம், ஆலையில் ஆர்டர் குவிந்து கிடந்தது. ஆனாலும் லீவு சொல்லிவிட்டுக் கொத்தனாரின் பக்கத்தில் நின்றார் தங்கபுஷ்பம். திறந்த அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். இரண்டு மூன்று நாள் போய்ப் பார்த்த பிள்ளைகள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நான் காலைக் கூட்டத்தில், "கட்டிக் கொடுத்தால் போகக்கூடத் தெரியவில்லையா?" என்று கத்தினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. இரண்டாவது வாரம் செல்வியே பள்ளிக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். செல்வி பசைக் கிண்ணத்தோடு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றுவலி என்று தாய்க்குச் சொல்லியிருந்தாள். துருவித் துருவிக் கேட்டதும் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"உள்ள தாப்பா இல்ல டீச்சர். ஒருத்தி வெளிய நின்னு கதவப் பிடிக்கணும். பிடிக்கிறவ சிரிச்சுக்கிட்டே விட்டுருதா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாசு அறையின் கதவு வெளிப்பக்கம் திறக்கும். விதிப்படி உள்ளே தாழ்ப்பாள் கூடாது. ஏதாவது ஆனால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் கொத்தனார் காலமெல்லாம் கட்டியது அந்த அறைகளைத்தான். குழாயையும் தரையையும் தட்டித் தட்டிப் பார்த்த நான், தாழ்ப்பாள் இல்லாததைப் பார்க்கவே இல்லை. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, அது எனக்குக் குறையாகப் படவில்லை.

ஆனால் காரணம் கொத்தனாரின் கைப்பழக்கம் இல்லை. கொத்தனார் வாங்கி வந்த தாழ்ப்பாள்களைத் திருப்பி அனுப்பியதே தான்தான் என்று, அடுப்படியிலிருந்து வந்த தங்கபுஷ்பம் சொன்னார். அவருடைய அக்கா வேலை பார்த்த அறையில், சோதனைக்கு அதிகாரி வருகிறார், அறை காலி என்று நினைக்கட்டும் என்று, விதியை மீறி வைத்திருந்த தாழ்ப்பாளை உள்ளே போட்டிருக்கிறார்கள். தீப்பிடித்தபோது அதைத் திறக்க முடியவில்லை. தங்கபுஷ்பம் வெளியே நின்று பார்த்தவர்.

"பிள்ளைக உள்ள இருக்கையில தாப்பா போடுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன் டீச்சர்."

"தாப்பா இல்லேன்னா நான் போவ மாட்டேன்" என்றாள் செல்வி.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். யார் பக்கம் பேசுவது? வாயாடி என்று பெயர் வாங்கிய நான், அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னும் நாலு நாள் போனால் அந்தப் பெண் பசைக் கிண்ணத்தோடேயே தங்கிவிடுவாள் என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை.

சனிக்கிழமை தாயும் மகளும் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கபுஷ்பத்தின் கையில் நாலு கம்பிக் கொக்கிகள். உள்ளே மாட்டிக்கொள்ளலாம், வெளியிலிருந்து கதவிடுக்கில் அடி ஸ்கேலை நுழைத்துத் தூக்கியும் விடலாம். அப்படி இடுக்கு விட்டுக் கொக்கியை அடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும் தானே உள்ளே போனார். கொக்கி விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஸ்கேலோடு நின்ற செல்வி, "அம்மா, பயமா இருந்தாச் சொல்லு, தூக்கிருதேன்" என்றாள்.

"இரு. சொல்லுதேன்."

எத்தனையோ தேர்வு முடிவுகளுக்குக் காத்திருந்தவள் நான். அவ்வளவு நேரம் எதற்கும் காத்திருந்ததில்லை. கடைசியில், "இப்பத் தூக்கு" என்றார். கொக்கி எழும்பியது. வெளியே வந்தவரின் முகம் முழுக்க வேர்வை.

"தொறக்குது டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போனார். நாலையும் அப்படியே பார்த்தார். திங்கட்கிழமை செல்வி பள்ளிக்கு வந்தாள். அன்று நான் அறையைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

"கட்டுறது கல்யாணம் மாதிரி டீச்சர், ஒரு நாள் கூத்து. கழுவுறதுதான் குடும்பம் நடத்துறது" என்பார் தங்கபுஷ்பம். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டார் வந்து கழிப்பறையைக் கழுவ வேண்டும் என்று முறை வைத்தார். தெருவைப் பார்த்து அல்ல, பெயர் வரிசைப்படி. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் பெயராக என் பெயரைப் போட்டார். இதற்கா பி.எட். படித்தேன் என்று முனகிக்கொண்டே கழுவினேன். கழுவி முடித்தபோது முனகல் நின்றிருந்தது. முறைத்துக்கொண்டிருந்த சில வீடுகளும் அதற்கு மேல் மறுக்க வழியில்லாமல் விளக்குமாறோடு வந்தன. மூடிய முதல் குழியைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றோம். தங்கபுஷ்பம் ஒரு பிடி எடுத்து என் முன் நீட்டினார். "மோந்து பாருங்க டீச்சர், மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்கு." இருந்தது.

செல்வி நர்சிங் முடித்துவிட்டாள். தங்கபுஷ்பம் குழுவிலிருந்து என்றைக்கோ விலகிவிட்டார். ஆனாலும் யார் வீட்டு முறை தவறினாலும் அந்த வீட்டு வாசலில் போய்ச் சும்மா நிற்பார். அவ்வளவுதான், ஆள் கிளம்பி வந்துவிடும். அதனால்தான் அவரை எடுத்துப் போன அன்று எனக்குத் துக்கத்தோடு ஒரு பயமும் சேர்ந்திருந்தது. இனி வாசலில் போய் நிற்க யார் இருக்கிறார்கள்?

அந்தச் சனிக்கிழமை எட்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. தெருவே துக்கத்தில் இருக்கிறது, யாரும் வரமாட்டார்கள், நாமே கழுவிவிடுவோம் என்று சீக்கிரமே போனேன். தரை ஈரமாக இருந்தது. இரண்டு பெண்கள் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க டீச்சர். முடிஞ்சிருச்சு" என்றார்கள். யார் வீட்டு முறை என்று நான் கேட்கவில்லை.

இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று ஒரு கதவை இழுத்தேன். அது வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை சொன்னது:

"ஆளு இருக்கு. இருங்க, வாரேன்."

அந்தக் குரலில் பயம் இல்லை, கூச்சம் இல்லை, கொஞ்சம்கூட அவசரம் இல்லை. தங்கபுஷ்பம் விட்டுப்போனதில் நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். அவள் வரும்வரை வெளியே நின்றேன்.