முனியாண்டி வளைவிலிருந்து ஒரு ரிங்

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் தோட்டத்தில் யுவனேஸ்வரிக்குக் 'கம்ப்யூட்டர் கிராணி' என்று பெயர். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். பெயரை வைத்தது பக்கத்து வீட்டு வேலாயி. தொழிலாளர் லைன் வீடுகளில் யாருக்கு என்ன பெயர் ஒட்டும் என்பதை முடிவு செய்வது அந்த அம்மாள்தான். ஒரு தடவை ஒட்டிவிட்டால் துரையே வந்தாலும் பிய்க்க முடியாது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேயிலையைத் தொடாமல், ஆபீசுக்கும் போகாமல், நாள் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும் பெண்ணை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அவள் தட்டிக்கொண்டிருந்தது ஒரு கையேடு. சைபர்ஜெயாவில் இருக்கும் சின்னக் கம்பெனி ஒன்று, தொழிற்சாலை இயந்திரங்களுக்குள் ஓடும் இயக்க முறைமை ஒன்றைச் செய்கிறது. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பது யுவனேஸ்வரியின் வேலை. இந்த மாதிரிப் புத்தகத்தை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. எங்கேயாவது ஏதாவது கெட்டுப்போனால்தான் தேடுவார்கள். தேடும்போது அந்த ஒரு வரி இல்லையென்றால் எழுதினவளைத் திட்டுவார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்தே நல்ல எழுத்துக்காரி ஆனவள் அவள்.

இப்போது அவள் கையில் இருந்த பக்கம் புரோசசரின் தசமக் கணக்கைப் பற்றியது. புள்ளி வைத்த எண்களை அது எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்பதற்குச் சில பயன்முறைகள் உண்டு. மிச்சம் வந்தால் மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா. பூஜ்யத்தால் வகுத்தால் வேலையை நிறுத்துவதா, கண்டும் காணாமல் போவதா. மிக மிகச் சின்ன எண் வந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்வதா, பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்வதா என்று எல்லாவற்றுக்கும் ஒரு சுவிட்சு. சின்னதையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டால் கணக்கு வேகமாக ஓடும். அதனால் அவசரக்காரர்கள் அந்தச் சுவிட்சைத்தான் முதலில் தட்டுவார்கள்.

யுவனேஸ்வரி இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தபோது ஷர்வின் உயிரோடு இருந்தான்.

ஷர்வின் அவளுடைய கணவன். கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லாரி அவனுடையது. வெறும் லாரியோடு திரும்பும்போது, தோட்டத்துச் சாலையில் முனியாண்டி கோயில் வளைவில்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். அங்கே நிறுத்தி ஒரே ஒரு ரிங் கொடுத்துவிட்டு வெட்டிவிடுவான். எடுத்துப் பேசக் கூடாது. அந்த வீட்டில் முனியாண்டி வளைவிலிருந்து வரும் ரிங்குக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன். அவன் கொடுத்தால் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். அவன் அம்மா காளியம்மா கொடுத்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏற்றிவர வேண்டும். ஏனென்றால் அவள் டவுனுக்குப் போனால் மார்க்கெட்டையே பையில் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அவள் முட்டிக்கு அந்த ஏற்றம் ஆகாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் தாப்பா இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது. பெட்டியில் வந்த ஷர்வினைக் கூடத்தில் கிடத்தினார்கள். தேவாரம் பாட வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் போனை சைலண்ட்ல வச்சிடுங்க" என்றார். எல்லாரும் வைத்தார்கள். யுவனேஸ்வரியும் வைத்தாள். பாட்டு முடிந்தது. தூக்கினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வேலாயி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடு புள்ள, உள்ள வச்சிக்கிட்டா ஒடம்புக்கு ஆவாது" என்று சொல்லிப் பார்த்தாள். யுவனேஸ்வரி தலையாட்டினாள். அவ்வளவுதான் முடிந்தது அவளால்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பசித்தால் சாப்பிட்டாள், தூக்கம் வந்தால் தூங்கினாள். காரியம் முடிந்த மறுநாளே கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். அவளுக்குள் போய்ப் பார்த்தவர் யார்?

வீட்டில் மிச்சமிருந்தது அவளும் மாமியார் காளியம்மாவும்தான். யுவனேஸ்வரிக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஈப்போவில் சித்தி வீட்டில் வளர்ந்து, படித்து, இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒருத்தி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அனுபவித்தவள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை வாயால் சொல்லும் வழிதான் அடைத்துக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் காளியம்மா தெப்பமாக நனைந்து, இரண்டு கையிலும் பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"நடந்தா வந்தீங்க அத்தை?"

"ஆமா."

நடப்பது பிடித்திருக்கிறது போல என்று யுவனேஸ்வரி நினைத்துக்கொண்டாள். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் பக்கத்துக்குத் திரும்பிவிட்டாள். காளியம்மா தலையைத் துவட்டியபடி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஞாயித்துக்கெழம மோகனா வர்றா," என்றாள் காளியம்மா கடைசியில். மோகனா மூத்த மகள், தாப்பாவில் இருக்கிறாள். "நான் அவகூட போறேன்லா."

"எத்தன நாளைக்கு அத்தை?"

"துணியெல்லாம் எடுத்துக்கிட்டுதான் போறேன்."

"சரிங்க அத்தை."

அதற்கு மேல் ஏதோ சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காளியம்மாவும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் வழியாக ஃபாஹ்மி பேசினான். தானா ராத்தாவில் 'மாமாக்' சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். கம்பெனியில் அவளுடைய பக்கங்களைச் சரிபார்ப்பவன்.

"அக்கா, அந்த தசம எண் பக்கம் முடிஞ்சிச்சா? ஒரு கஸ்டமர் மண்டைய ஒடைச்சிட்டான்லா. மெஷின் ரெண்டு வாரமா தப்புத் தப்பா அளக்குது, ஒரு எர்ரரும் காட்டல."

"என்ன காரணம்?"

"அவங்க புரோகிராம்ல ஒரே ஒரு எடத்துல, வேகத்துக்காக, சின்ன எண்ணெல்லாம் பூஜ்யம்னு சுவிட்சப் போட்டிருக்கான். அந்த எடத்துக்கு அது சரிதான். ஆனா வேல முடிஞ்சதும் பழையபடி மாத்தி வைக்கல. அதுக்கப்புறம் ஓடுன எல்லாமே அதே நெலையிலதான் ஓடியிருக்கு. வர்றதெல்லாம் பூஜ்யம் பூஜ்யம்னு போயிட்டிருக்கு. அவனுக்கே தெரியல."

யுவனேஸ்வரி அந்த இடத்திலேயே எழுதிப் படித்துக் காட்டினாள். இந்தப் பயன்முறையை மாற்றுபவர், மாற்றும் முன் பழைய நிலையைக் குறித்துவைத்து, வேலை முடிந்ததும் அதற்கே திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அதற்குப் பின் வரும் கணக்குகளும் இதே நிலையில் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

"நல்லாருக்குக்கா. மொத வரியா போட்டுடுங்க," என்றான் ஃபாஹ்மி.

மறுநாள் மோகனா கார் எடுத்துக்கொண்டு வந்தாள். சாமான்கள் ஏறின. காளியம்மா சாமிப் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனவள், வாசற்படியிலிருந்து திரும்பி வந்தாள். பின்னாலேயே மோகனாவும் வந்தாள்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். என் நம்பர போன்லேர்ந்து எடுத்துட்டியா?"

"இல்லீங்களே அத்தை."

"பின்ன ஏன் ரிங் குடுத்தா வர மாட்டேங்கிற? மருந்து வாங்கப் போனப்ப குடுத்தேன். சாமான் வாங்கப் போனப்ப குடுத்தேன். அன்னைக்கு மழையில கோயில் கிட்ட நின்னு நின்னு பாத்துட்டுதான் நடந்து வந்தேன். புருசனே போயிட்டான், இனி அவன் அம்மா நமக்கு எதுக்குன்னு நெனச்சிட்ட போலன்னு..."

"எனக்கு ரிங்கே வரலீங்க அத்தை."

காளியம்மா மடியிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து அமுக்கினாள். மேசையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கிடந்த யுவனேஸ்வரியின் போனில் வெளிச்சம் வந்தது. 'அத்தை' என்று எழுத்து வந்தது. சத்தம் வரவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் போனது.

மோகனா போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "சைலண்ட்ல கெடக்கு. எப்பலேர்ந்து யுவா?"

யுவனேஸ்வரி யோசித்தாள். தேவாரம் பாட வந்தவர் தொண்டையைச் செருமியது நினைவுக்கு வந்தது.

"அன்னைக்கிலேர்ந்து அண்ணி."

எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பேசுவது கம்ப்யூட்டரில். போன் அடிக்கும் என்று அவள் காதைத் தீட்டிக் காத்திருந்தது ஒரே ஒருவனுக்காக. அவன் போன பிறகு அவள் அதைக் கையில் எடுத்தே பார்க்கவில்லை. அது அடிக்கவில்லை என்பதில் அவளுக்கு என்ன ஆச்சரியம் இருக்க முடியும்?

சத்தத்தைத் திருப்பி வைத்தாள். "மன்னிச்சிடுங்க அத்தை," என்றாள். பாடத்தை ஒப்பிப்பவள் மாதிரி வந்தது அது. அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சரி விடு," என்றாள் காளியம்மா. ஆனாலும் பைகள் காரில் ஏறிவிட்டன, மகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள், லைனில் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யுவனேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி மறைந்தது.

உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்றைய பக்கம் அப்படியே திறந்திருந்தது. முதல் வரியைப் படித்தாள். தான் எழுதியதுதான். இன்னொரு முறை படித்தாள்.

போன் அடித்தது.

ஒரே ஒரு ரிங். வெட்டுப்பட்டது.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றினாள். தேயிலை டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டபோதுதான் யாருக்காகத் தண்ணீர் வைத்தோம் என்பது உறைத்தது. அவன் வரமாட்டான். எத்தனை ரிங் அடித்தாலும் இனி அவன் இந்த வீட்டுக்கு வரமாட்டான். கரண்டி கையை விட்டு விழுந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள்.

அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முனியாண்டி கோயில் வளைவில் மோகனாவின் கார் ஓரமாக நின்றது. காளியம்மா இறங்கி, பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, கையில் போனோடு சாலையையே பார்த்து நின்றிருந்தாள். மோட்டார் பக்கத்தில் வந்து நின்றதும் மருமகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். வீங்கிய கண்களைப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சுங்க அத்தை."