உரம் போடாத தட்டு

சார்ஜாவில் தார் உருகுகிற வெயிலில், கையில் ஒரு கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போகிறேன். பண்ணைக்குள் அவ்வளவு குளிர். பண்ணை என்றால் ஒரு கிடங்குதான். மண் கிடையாது, சூரியன் கிடையாது. இரும்பு ரேக்குகளில் தேங்காய் நார்த்தூள் பரப்பிய தட்டுகள், மேலே ஊதா விளக்குகள். கடுகும் முள்ளங்கியும் பட்டாணியும் முளைத்து முதல் இலைகள் விரிந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கி ஓட்டல்களுக்கு அனுப்புகிறோம். மைக்ரோகிரீன்ஸ் என்று பெயர். ஊரில், குளத்தூரில், எங்கள் வயலில் பயிர் இந்த உயரத்தில் இருக்கும்போது ஆடு வாய் வைத்தால் கல்லெடுத்து விரட்டுவோம். இங்கே இதுதான் அறுவடை.

சேர்ந்த புதிதில் ஒரு காலை, சூப்பர்வைசர் மரிடெஸ் என்னைப் பார்த்து, "ஃபீட் ஓகே?" என்றார். பிலிப்பைன்ஸ்காரர். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன். ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தானே. நெகிழ்ந்துபோய், "ஓகே மேடம், தேங்க்யூ" என்றேன். ஃபீட் என்பது தட்டுகளுக்கு விடும் உரத் தண்ணீர் என்று எனக்கு அறுவடையன்றுதான் தெரிந்தது. என் பொறுப்பில் இருந்த கடுகு முழுவதும் வெறும் தண்ணீரில் வளர்ந்து, பக்கத்து ரேக்கைவிடக் குட்டையாக, இலை சிறுத்து நின்றது. எடையும் குறைவு.

"யூ செட் ஓகே!" என்றார் மரிடெஸ்.

"ஐ ஈட் ஓகே, மேடம்."

ஒரு நொடி முறைத்தவர் ரேக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தக் குட்டைக் கடுகில் ஒரு சிட்டிகை கிள்ளி மென்றார். புருவம் உயர்ந்தது. எனக்கும் கொடுத்தார். மூக்கில் ஏறியது காரம். உரம் குடித்த கடுகில் அத்தனை காரமில்லை. இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

யூரியா போட்ட வயல் கரும்பச்சையாவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பச்சை கூடினால் எல்லாம் கூடியது என்றே நம்பியிருந்தேன். அதனால் முடிவு வந்ததா என்று அவரைத் தினமும் நச்சரித்தேன். வந்தது. உரம் குடித்த கடுகில் தாதுச் சத்துகள் அதிகம், உரத்திலிருந்து ஏறிய நைட்ரேட்டும் அதிகம். வெறும் தண்ணீர்க் கடுகில் வைட்டமின் சி சற்றுக் கூடுதல், நைட்ரேட் மிகக் குறைவு. எது நல்லது என்று கேட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது என்றார். இன்னொரு பயிரில் வேறு மாதிரி வரலாமாம். அந்தப் பதில் என்னை விடவே இல்லை.

விடுமுறைக்கு ஊர் வந்ததும் தட்டுகளில் கடுகு விதைத்து மனைவி செல்வியிடம் காட்டினேன்.

"ஏங்க, இந்தக் கடுகு மொளைக்க வைக்கவா அம்புட்டு தூரம் போனீங்க?" என்று சிரித்தாள். மறுநாள் அவளே கேட்டாள்: "இது விக்கும்னா, நீங்க இங்கிட்டே இருந்துரலாம்ல?"

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் அது விளையாட்டாக இல்லை. பின்னறை குளிர ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். சார்ஜா அளவிலேயே உரம் கலந்தேன். எங்கள் வெக்கையில் கடுகு மளமளவென்று உயர்ந்து, சாய்ந்து, பூஞ்சை பிடித்தது. செல்வி உரத்தைப் பாதியாகக் குறைத்தாள். கூடவே ஒரு தட்டுக்கு வெறும் தண்ணீர் மட்டும் விட்டாள். இரண்டும் பிழைத்தன.

இரண்டையும் நறுக்கி, விராலிமலையில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஓர் ஓட்டலுக்குக் கொண்டுபோனோம். கார்களில் வருகிறவர்கள் சாலட் கேட்கும் இடம். முதலாளி இரண்டையும் மென்று பார்த்தார்.

"வெறும் தண்ணில வளந்தது சுருக்குன்னு இருக்குங்க. ஆனா ஒரு தட்டுக்கு இம்புட்டு எடைதான் நிக்குமா?"

"ஒங்க ஓட்டலுக்கு வாரவங்க நிறுத்தா சாப்பிடுறாங்க?" என்றாள் செல்வி.

அவர் சிரித்துவிட்டார். வாரத்துக்குச் சில பெட்டிகள் கேட்டார். வேறு இரண்டு ஓட்டல்களில் உள்ளேயே விடவில்லை. ஒரு குடும்பம் பிழைக்க அந்தச் சில பெட்டிகள் போதாது. விடுமுறை முடிந்து நான் விமானம் ஏறினேன். தட்டுகளைச் செல்வி விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன்.

விடவில்லை. போனில் ஒருநாள் சொன்னாள்: "பட்டாணிக்கு ஒரம் வேண்டியதில்லைங்க. வெதைக்குள்ளயே சாப்பாடு கெடக்கு. கடுகுதான் பாவம், கொஞ்சூண்டு காட்டுனா எடையும் நிக்குது, காரமும் போகல." மரிடெஸிடம் சொன்னேன். அவர் பட்டாணி ரேக் ஒன்றுக்கு உரத்தை நிறுத்திப் பார்க்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. மூவருமே காத்திருக்கிறோம்.

சில காலைகளில் இரண்டு இடத்திலும் அறுவடை ஒன்றாக வந்துவிடுகிறது. செல்வியைப் போனில் அழைத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு நறுக்குகிறேன். இங்கே ஏசி இரைகிறது, அங்கே குளத்தூர் பஸ்ஸின் ஹாரன். பேச்சு குறைந்து, கத்தரிக்கோல்கள் மட்டும் பேசிக்கொள்கின்றன. தட்டு முடிந்து நான் கையை நிறுத்திய பிறகும் என் காதில் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.