ஈரம் படாத வண்டி

வண்டியின் பெயிண்ட் கெட்டுவிடும் என்பதற்காக, இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு பெண்ணை ஏற்றிப்போக மறுத்தேன். கோபம் வருகிறதா உங்களுக்கு? வரட்டும். என்மேல் எனக்குள்ள கோபத்தில் அது கால்வாசிகூட இராது.

ஏற்காட்டுக்குப் பக்கம் வாழவந்தியில் எனக்குக் காப்பித் தோட்டம். புதுக் கார் வாங்கியதும் சேலத்துக்கு இறங்கி, செராமிக் கோட்டிங் போட்டு வந்தேன். பெயிண்டின் மேல் கண்ணாடிபோல் இறுகும் பூச்சு அது. ஒரு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

மறுநாளே பருவம் தப்பிய மழை. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சின்னசாமி நனைந்தபடி ஓடி வந்தான்.

"ஏனுங்கண்ணா, சித்ரா மொளகு பறிக்கறப்ப ஏணியில இருந்து உழுந்துட்டாளுங்க. இடுப்ப அசைக்க முடியல. வண்டிய எடுங்கண்ணா."

சித்ரா அவன் மனைவி. என் வீட்டு விசேஷம் எதுவானாலும் அடுப்படியில் முதல் ஆளாக நிற்பவள்.

"பேட்டரி எறங்கிப் போச்சு சாமி" என்றேன்.

செல்லமாகச் சாமி என்று வேறு கூப்பிட்டேன்! அந்த வாயை என்ன செய்வது?

நம்பினான். சாவியைத் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கலாமே... என் சட்டையைப் பிடித்திருக்கலாமே... ஒன்றும் செய்யாமல் திரும்பி ஓடினான். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்ததாம். பைக்கில் இருவருக்கு நடுவே அவளை உட்காரவைத்து, அந்த மழையில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டைக் கடக்கும்போது அவள் அலறியது கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

குலுங்கிக் குலுங்கிப் போனதில் எலும்பு இன்னும் விலகிவிட்டது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஒரு கால் குட்டையாகிப்போனது.

இதையும் கேளுங்கள். மறுநாள் காலை ஒரு மெக்கானிக் என் வாசலில் நின்றார்.

"சின்னசாமி ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாருங்க. உங்க பேட்டரியப் பாத்துக் குடுக்கச் சொன்னாரு."

சரியாகிவிட்டது என்று சொல்லி, ஷெட் பக்கமே விடாமல் அனுப்பிவைத்தேன்.

அவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் சந்தேகமே வரவில்லை அவர்களுக்கு? ஒருமுறை திட்டியிருந்தால் நானும் உளறிக் கொட்டியிருப்பேனே! இல்லை... அதுவும் பொய். அப்போதும் பேட்டரிமேலேயே பழியைப் போட்டிருப்பேன்.

போன வாரம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சித்ரா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தவள், மூச்சு வாங்க நின்றாள்.

"நொம்ப நல்லா வெச்சிருக்கீங்கண்ணா, புதுசாட்டமே இருக்குது" என்றாள்.

நான் சிரித்தேன்.